பூசையில் வைத்த லேப்டாப்

ஆயுதபூசை அன்று எந்த மெஷினும் ரிப்பேர் ஆகக் கூடாது என்று ஒரு சட்டம் போட எனக்கு அதிகாரம் இருந்தால், முதல் வேலையாக அதைத்தான் போடுவேன். வருசம் தவறாமல் அன்றைக்குத்தான் ஏதாவது ஒன்று படுத்துக்கொள்ளும். வருசமெல்லாம் எண்ணெயும் தூசுமாக ஓடிக்கொண்டிருப்பதைப் பிடித்து நிறுத்தி, ஈரத்துணியால் துடைத்து, சந்தனத்தை அப்பி, மாலையைச் சுற்றி, சாம்பிராணிப் புகையும் காட்டினால் அதுவும்தான் பாவம் என்ன செய்யும்? எனக்கும் சாமி உண்டு. ஆனால் சாமிக்கும் சர்க்யூட்டுக்கும் நடுவில் ஒரு கை அகலம் இடம் விடுங்கள் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்?

தொண்ணூறுகளின் கடைசியில் நான் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். கடை ஒன்றுதான். முன்பக்கம் என் வீட்டுக்காரர் பம்ப் மோட்டாருக்குக் காயில் கட்டுவார், பின்பக்கம் என் மேசை. வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு அவரிடம் போய், "ஏனுங்க, கம்ப்யூட்டர் பாக்கறவர் இல்லீங்களா?" என்பார்கள். அவர் காயிலிலிருந்து கண்ணை எடுக்காமல், "பாக்கறவங்க உங்களைத்தான் பாத்துட்டிருக்காங்க, போய்ப் பேசுங்க" என்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் கோபம் வந்த அன்றுதான் வேலை நன்றாக ஓடும். வாயைத் திறக்காமல் ரிப்பேரை முடித்து, "இந்தாங்க, ஓடுது பாருங்க" என்று திருப்பிக் கொடுப்பதில் ஒரு சுகம் இருந்தது.

லேப்டாப் அப்போது எங்கள் பக்கம் அபூர்வம். யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. மற்ற மெக்கானிக்குகள் அதைக் கண்டாலே கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. குறிப்பாக ஒரு கோளாறு. சார்ஜர் நன்றாக இருக்கும், பாட்டரியும் நன்றாக இருக்கும், ஆனால் சார்ஜ் விளக்கு எரியாது. ஃபேன் தாறுமாறாகச் சுற்றும், இல்லாவிட்டால் சுற்றவே சுற்றாது. ஆள் செத்துவிட்டான் என்றே எல்லோரும் முடிவு கட்டிவிடுவார்கள்.

செத்திருக்காது. உள்ளே ஒரு சின்ன சிப் இருக்கிறது. கரண்டு வருகிறதா, பாட்டரி ஏறுகிறதா, சூடானால் ஃபேனை ஓட்டலாமா என்று பார்ப்பது மட்டும்தான் அதன் வேலை. மில் கேட்டில் உட்கார்ந்திருக்கிற வாட்ச்மேன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாட்ச்மேன் குழம்பிவிட்டால் முதலாளியே வந்தாலும் கேட்டைத் திறக்கமாட்டான். அவனோடு நின்று வாதாடிப் பிரயோசனமில்லை. ஒரு தடவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறுபடி வேலைக்குக் கூப்பிட வேண்டும். சார்ஜர் வயரைப் பிடுங்கி, பாட்டரியையும் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே தங்கியிருக்கிற மிச்சக் கரண்டும் போகிற வரைக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தால் சிப் எல்லாவற்றையும் மறந்துவிடும். பிறகு புதிதாக ஆரம்பிக்கும். இவ்வளவுதான் விஷயம்.

அந்த வருச ஆயுதபூசைக்கு எங்கள் கடையில் காலையிலேயே பூசை முடிந்துவிட்டது. பொரிகடலையைப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. காங்கேயத்திலிருந்து ஒரு பெண். தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கிற குடும்பத்துக்கு மருமகளாகப் போனவள். கோயமுத்தூரில் துணி டிசைன் படித்தவள். அவளுடைய அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்து கொடுத்த லேப்டாப்பில் பெட்ஷீட்டுக்கு டிசைன் போடுவாள். முன்பு இரண்டொரு தடவை அதற்காக என்னிடம் வந்திருக்கிறாள்.

"அக்கா, பூசை முடிஞ்சுதுங்க. அதோட என்ற லேப்டாப்பும் முடிஞ்சுபோச்சுங்க" என்றாள்.

"பதறாதே கண்ணு. என்ன பண்ணுது, அதைச் சொல்லு."

"பட்டனை அமுத்துனா ஃபேன் மட்டும் உர்ருன்னு ஒரு சத்தம் போட்டுட்டு நின்னுபோகுது. சார்ஜ் வெளக்கே எரியறதில்ல. ஸ்கிரீன் கருப்பா கெடக்குது. நேத்து பொழுதோட கூட நல்லா ஓடுச்சுங்கக்கா. காலைல பூசை முடிஞ்சு மில்லுல மோட்டாரெல்லாம் ஒருக்கா ஓட்டி நிறுத்துனாங்க பாருங்க, அதுக்கப்பறந்தான் இப்படி."

எனக்குப் பாதி புரிந்துவிட்டது. கற்பூரம் காட்டியதும் எல்லா மோட்டாரையும் ஒரு தடவை ஓட்டி நிறுத்துவது எங்கள் பக்கத்து மில்களில் வழக்கம். அத்தனை மோட்டாரும் ஒரே சமயத்தில் கிளம்பி நின்றால் லைனில் கரண்டு ஒரு குதி குதிக்கும். அந்தக் குதியில் வாட்ச்மேன் குழம்பியிருப்பான்.

"பாட்டரியைக் கழட்டு. சார்ஜரைப் பிடுங்கு" என்று ஆரம்பித்தேன்.

"அதைப் பூசையில வெச்சிருக்குதுங்கக்கா. நாளைக்கு மறுபூசை வரைக்கும் அசைக்கக் கூடாதுங்கறாங்க அத்தை."

"அத்தை எங்கே இப்போ?"

"மில்லுல ஆளுங்களுக்குப் பொரி குடுக்கப் போயிருக்காங்க."

"அப்பறம் என்ன? அவங்க வர்றதுக்குள்ள கழட்டிப்போட்டுப் பட்டனை அமுத்திப் பிடி" என்றேன். பூசை வீட்டில் திருட்டுத்தனம் சொல்லிக்கொடுக்கிறோமே என்று தோன்றத்தான் செய்தது. தோன்றினால் தோன்றட்டும்.

போனைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். ஏதோ கீச், கீச் என்று கேட்டது. கிளி வளர்க்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் திரும்பி வந்து, பாட்டரியைக் கழற்றினேன், மாலை சுற்றியிருப்பதால் சார்ஜர் வயரைப் பிடுங்க முடியவில்லை, அதனால் சுவரில் சுவிட்சை நிறுத்திவிட்டுப் பட்டனைப் பிடித்தேன், ஒன்றும் நடக்கவில்லை என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அப்போதுதான் முழு விவரமும் வந்தது. வெள்ளகோவிலில் பெட்ஷீட் ஏற்றுமதி பண்ணுகிற ஒருவர் மறுநாள் விடியற்காலை கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்குப் போகிறார். போகிற வழியில் காங்கேயத்தில் இவள் வீட்டில் நிறுத்தி டிசைனை ஃபிளாப்பியில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். விஜயதசமி, நல்ல நாள், முதல் ஆர்டர். இதற்கு முன் இரண்டு பேர் பார்க்கிறோம் பார்க்கிறோம் என்று சொல்லி இழுத்தடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மாமனார் சொல்லிவிட்டாராம்: இதுவும் நடக்கவில்லை என்றால் பொட்டியை அண்ணனிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், டிசைனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். டிசைனில் கலர் போடுகிற வேலை இன்னும் கொஞ்சம் பாக்கி.

"ஃபிளாப்பியில ஒரு காப்பி எடுத்து வெச்சிருக்கியா?"

"எடுக்கலீங்கக்கா."

"படிச்ச புள்ளைதானே நீ? புத்தி இருக்குதா உனக்கு?" என்று திட்டினேன். திட்டி முடித்ததும், "சரி, அழாதே. நான் வாரேன்" என்றேன்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன், ஆனால் எதை எடுத்துக்கொண்டு போவது? என்னுடைய ஸ்குருடிரைவர், சால்டரிங் அயர்ன், மீட்டர் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு பூசையில் உட்கார்ந்திருந்தன. கையை நீட்டினேன். வீட்டுக்காரர் பார்த்த பார்வையில் நீட்டிய கை பொரிப் பக்கம் போய்விட்டது.

"மறுபூசை ஆகாம அதைத் தொடாதே" என்றார்.

"தொடலைங்க சாமி. கை விரல் பூசையில வெக்கலையே? அது போதும் எனக்கு."

"விரலை வெச்சு லேப்டாப் ரிப்பேரா?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு போதும் எனக்கு. ஒரு பையும் இல்லாமல் கிளம்பிவிட்டேன். நான் நினைக்கிற கோளாறுதான் என்றால் ஸ்குருடிரைவருக்கு அங்கே வேலையே இல்லை. வேறு கோளாறு என்றால் எந்த ஸ்குருடிரைவராலும் இன்றைக்கு ஆகப்போவதில்லை. இரண்டில் ஒன்று. எனக்குச் சந்தேகம் துளியும் இல்லை, அந்தக் கோளாறுதான்.

சிங்காநல்லூரில் பஸ் ஏறினேன். பஸ்ஸுக்கு முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். கண்ணாடியில் பாதியை மாலை மறைத்திருந்தது. "டிரைவருங்க, ரோடு தெரியுதுங்களா?" என்று கேட்டேன். "சாமி பாத்துக்குமுங்க" என்றார். பல்லடம் வரைக்கும் ரோடெல்லாம் உடைத்த பூசணிக்காய். வண்டி அதன்மேல் வழுக்கிக்கொண்டு போனது. இன்றைக்கு ஊரில் எல்லா மெஷினையும் சாமியே பார்த்துக்கொண்டால் நான் எதற்கு என்று எரிச்சலாக இருந்தது.

காங்கேயத்தில் மில்லையொட்டியே வீடு. கொப்பரை காயப்போடுகிற களம், அதைத் தாண்டி வாசல். மில் நின்றிருந்ததால் அந்த இடமே அடங்கிக் கிடந்தது. எண்ணெய் வாசமும் சாம்பிராணியும் கலந்து வந்தது. மாமனார் வாசலிலேயே நின்று, "வாங்கம்மணி, வாங்க. வெயில்ல வந்திருக்கறீங்க, மொதல்ல தண்ணி குடிங்க" என்று செம்பை நீட்டினார். பேச்சில் ஒரு குறையும் இல்லை. குடித்து முடித்ததும், "அந்தப் பொட்டிக்காகவா கோயமுத்தூர்ல இருந்து வந்தீங்க? அதென்னமோ போங்க, ஒரு நாள் ஓடுனா நாலு நாள் படுத்துக்குது" என்றார். பக்கத்தில் நின்ற மருமகள் தரையைப் பார்த்தாள்.

கூடத்தில் ஒரு நீளப் பலகை போட்டுப் பூசை வைத்திருந்தார்கள். ஸ்பேனர்கள், தேங்காய் உரிக்கிற பாரை, அரிவாள், தராசு. எல்லாவற்றுக்கும் நடுவில், சாமி படத்துக்கு நேர் கீழே, அந்த லேப்டாப். மூடிமேல் செவ்வந்தி மாலை. ஒரு முனையைச் சார்ஜர் வயரோடு சேர்த்துச் சுற்றியிருந்தார்கள். குனிந்து பக்கவாட்டில் பார்த்தேன். எனக்குத் தலை சுற்றிவிட்டது. ஃபேன் காற்று வெளியே வருகிற ஓட்டைகள் அத்தனையிலும் கெட்டியாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். பின்பக்கமும் அப்படியே. அழகாக, ஒரு ஓட்டையைக் கூட விடாமல்.

"அட கெரகமே! இதை யாருங்க இப்படி அடைச்சு வெச்சது?" என்று கத்திவிட்டேன். பூசைக்கு முன்னால் கத்தக் கூடாதுதான்.

உள்ளேயிருந்து அவளுடைய மாமியார் வந்தார். ஒல்லியான மனுசி, குளித்த தலை இன்னும் ஈரமாக இருந்தது. "நாந்தானுங்கம்மணி வெச்சேன். ஏனுங்க?"

"மூக்குல சந்தனத்தை அப்பி வெச்சா மூச்சு விடறதெப்படிங்கம்மா? இது வழியாத்தான் உள்ளிருக்கிற சூடு வெளிய போகோணும்."

"செக்குக்கு எண்ணெ வர்ற வாய்லதானுங்க பொட்டு வெப்போம். இதுக்கு எது வாயின்னு நெம்ப நேரம் பாத்தேன். காத்து வர்ற எடம் இதுதான்னு கண்டுபுடிச்சு வெச்சேன்." தப்புச் செய்தவர் குரலில் அல்ல, வேலையைச் சரியாகச் செய்தவர் குரலில்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

முதலில் வயரைத் தொடர்ந்து போனேன். மாலையிலிருந்து இறங்கி, பலகைக்குப் பின்னால் போய், ஒரு வாழை இலைக்கு அடியில் நுழைந்தது. இலையைத் தூக்கினால் யூபிஎஸ். அதற்கும் சந்தனம், அதன்மேல் ஒரு குவியல் பொரி.

"நீ சுவிட்சை நிறுத்துனப்போ கீச் கீச்னு கத்துனது இதுவா?"

"ஆமாங்கக்கா. கரண்டு போனா அது எப்பவும் கத்தும்."

"நான் கிளின்னு நெனச்சேன் போ! நீ சுவிட்சை நிறுத்துனாலும் இது தன்னோட பாட்டரியில இருந்து லேப்டாப்புக்குக் கரண்டு குடுத்துட்டே இருந்திருக்குது. அப்பறம் அது எப்படி மறக்கும்? வாட்ச்மேனை ஊட்டுக்குப் போன்னு சொல்லிப்போட்டு, கையில டீயும் குடுத்து உக்கார வெச்ச மாதிரி இருக்குது."

கோளாறு கைக்குள் வந்துவிட்டது. மாலையை எடுக்க வேண்டும், வயரைப் பிடுங்க வேண்டும், சந்தனத்தைச் சுரண்ட வேண்டும், பட்டனைப் பிடிக்க வேண்டும். நான் கையை நீட்டியதும் மாமியார் குறுக்கே வந்து நின்றார்.

"பூசையில இருக்கறதுங்கம்மணி. நாளைக்குக் காலைல மறுபூசை ஆனதும் எடுத்துக்கலாமுங்க."

"நாளைக்கு விடிகாலைல ஆள் வர்றாருங்கம்மா. அதுக்குள்ள கலர் போட்டு முடிக்கோணும்."

"அது தெரியுமுங்க. ஆனாலும்..."

"என்னங்க ஆனாலும்?" எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஓடற மெசினை ஓடாமப் பண்ணிப்போட்டு, அதுக்கு முன்னால கற்பூரம் காட்டறதுல யாருக்குங்க புண்ணியம்?"

அவர் என்னைப் பார்த்தார். பதில் சொல்வதற்குள் மருமகள் வாயைத் திறந்துவிட்டாள்.

"அக்கா, நீங்க ஏன் சண்டை போடறீங்க? அவங்க வேணும்னேதான் பண்ணுனாங்க. மாமா திருப்பி அனுப்பச் சொன்னது அவங்களுக்குத் தெரியும். நான் என்ற ரூம்லயே வெச்சுக்கறேன்னு சொன்னேன். கேக்காம எடுத்துட்டு வந்து நடுவுல வெச்சு, ஓட்டையெல்லாம் அடைச்சு..." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

வாசலில் மாமனார் செம்பைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கோபம் வந்தால் நான் கத்துவேன், ஆனால் அது மெஷினைப் பற்றித்தான். இது வேறு.

மாமியார் முகம் மாறியது. அழவும் இல்லை, திட்டவும் இல்லை. திரும்பிப் போய்க் கற்பூரத்தை எடுத்துவந்து தட்டில் வைத்துக் கொளுத்தினார். சாமி படத்துக்கு ஒரு சுற்று, லேப்டாப்புக்கு ஒரு சுற்று. தேங்காய்த் தண்ணீரைச் சுற்றித் தெளித்தார், நல்லவேளையாக லேப்டாப்பின்மேல் படவில்லை. பிறகு மாலையைத் தன் கையாலேயே எடுத்துச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டு, லேப்டாப்பை இரண்டு கையாலும் பலகையிலிருந்து தூக்கி என்னிடம் கொடுத்தார்.

"இதுக்கு மட்டும் மறுபூசை பண்ணிப்போட்டேன். பாருங்கம்மணி" என்றார்.

சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுபோனேன். சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. சுரண்ட ஒன்றும் இல்லையே என்று நான் யோசிப்பதற்குள், மாமியார் வெளியே போய்த் தென்னை மட்டையிலிருந்து நாலைந்து ஈர்க்கு உருவிக்கொண்டு வந்துவிட்டார். உலோகத்தைவிட அது நல்லது, கீறாது. "குடுங்க, நானே எடுக்கறேன். வெச்சவளுக்குத்தான் எங்கெங்க வெச்சேன்னு தெரியும்" என்று உட்கார்ந்துகொண்டார். நான் லேப்டாப்பைச் சாய்த்துப் பிடித்தேன், தூள் உள்ளே போகாமல் வெளியே விழ வேண்டுமே. ஓட்டை ஓட்டையாக எடுத்தார். மருமகள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சுத்தமானதும் வெளியிலிருந்து மெல்ல ஊதிப் பார்த்தேன், உள்ளே ஃபேன் இறக்கை அசைந்தது. சரி, வழி திறந்துவிட்டது. பாட்டரி வெளியே, வயர் வெளியே, எதனோடும் ஒட்டு உறவு இல்லாமல் மேசைமேல் லேப்டாப் மட்டும். பட்டனை அழுத்திப் பிடித்தேன்.

"எவ்வளவு நேரமுங்க?" என்று மாமியார் கேட்டார்.

"மெதுவா முப்பது எண்ணுங்க."

அவர் வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார். கொப்பரை எண்ணிப் போடுகிற அதே தாளத்தில், அவசரமே இல்லாமல். வாசலிலிருந்து மாமனார் எட்டிப் பார்த்தார். முப்பது ஆனதும் கையை எடுத்தேன். சார்ஜர் வயரை யூபிஎஸ்ஸில் செருகாமல் நேராகச் சுவரில் செருகி, பட்டனைத் தொட்டேன்.

ஒன்றும் இல்லை.

மருமகள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பினால் சாப்பிட்டுவிட்டு வரக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டாமா? "அவசரப்பட்டுப்போட்டேன். சித்தெ பொறு கண்ணு" என்று வயரை மறுபடி பிடுங்கினேன். இன்னொரு தடவை பட்டனைப் பிடித்துவிட்டு அப்படியே விட்டேன். மாமியார் எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்தார். நான் குடித்தேன். மருமகள் தொடவில்லை.

காப்பி டம்ளரை வைத்துவிட்டு வயரைச் செருகினேன். பட்டனைத் தொடுவதற்கு முன்பே, ஓரத்தில் பச்சை விளக்கு சிரித்துக்கொண்டு வந்தது. அழுத்தினேன். ஃபேன் ஒரு தடவை வேகமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஆள் சரியாகிவிட்டேன் என்கிற மாதிரி அடங்கியது. ஸ்கிரீன் வெளுத்தது. பாட்டரியைப் போட்டேன், சார்ஜ் விளக்கும் எரிந்தது.

"இப்ப பாருங்க!" என்று மேசையைத் தட்டினேன். ஸ்குருடிரைவர் இல்லாமல், விரலும் ஈர்க்கும் வைத்து! வீட்டுக்காரர் அங்கே இல்லாமல் போனாரே என்று இருந்தது.

மருமகள் ஓடிவந்து டிசைனைத் திறந்தாள். இருந்தது. முதலில் ஒரு ஃபிளாப்பியைப் போட்டுக் காப்பி எடுக்கச் சொல்லி, எடுக்கும்வரை பக்கத்தில் நின்றேன். திரையில் வரிசை வரிசையாகப் பாதி வட்டங்கள், ஓரம் கறுப்பு, நடுவில் வெள்ளை. சில வரிசைகளுக்கு மட்டும் இன்னும் கலர் விழவில்லை. மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம களமில்ல? கொப்பரை காயப்போட்டது" என்றார்.

மருமகள் தலையை மட்டும் ஆட்டினாள். அவளால் இன்னும் மாமியார் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாமனார் இப்போது உள்ளே வந்துவிட்டார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "சரீங்கம்மணி, இன்னிக்கு உங்க புண்ணியத்துல ஓடிப்போச்சு. நாளைக்கு மறுபடி படுத்துக்கிட்டா ஒவ்வொருக்காவும் உங்களைக் கோயமுத்தூர்ல இருந்து கூட்டியார முடியுமுங்களா? அவரு வந்து டிசைனை வாங்கிட்டுப் போகட்டும். அதோட இதை அவங்க அண்ணன்கிட்டயே குடுத்துப்போடலாம்னு பாக்கறேன்" என்றார். கோபமாக அல்ல, நல்ல யோசனை சொல்கிற மாதிரி.

எனக்குத்தான் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறந்தேன். அதற்குள் மாமியார் சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்து மேசையில் வைத்தார்.

"ஏனுங்க" என்று கணவரைக் கூப்பிட்டார். குரல் தாழ்ந்துதான் இருந்தது. "ஊட்டுல டிவி இருக்குது, ஃபிரிட்ஜ் இருக்குது. அதுக்கெல்லாம் நான் என்னிக்காச்சும் பொட்டு வெச்சிருக்கறனுங்களா?"

"இல்ல."

"சோறு போடற சாமானைத்தானுங்க பூசையில வெப்பேன்?"

"ஆமா, அதுக்கென்ன இப்ப?"

"பூசையில வெச்ச சாமானை ஊட்டை உட்டு அனுப்பற பழக்கம் நம்ம ஊட்டுல உண்டுங்களா? உங்க அப்பாரு காலத்துத் தராசே இன்னும் அங்கதானுங்க இருக்குது."

மாமனார் பலகையைத் திரும்பிப் பார்த்தார். தராசைப் பார்த்தார். பிறகு லேப்டாப்பைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "அதுஞ்செரிதான்" என்று மில் பக்கம் நடந்துவிட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த அம்மா மற்றதையெல்லாம் ஓரமாகத் தள்ளி லேப்டாப்பை நடுவில் வைத்தது, சாமிக்கு மட்டுமல்ல, மாமனாருக்கும் தெரியட்டும் என்றுதான். என்னுடைய கத்தலை நினைத்துக் காது சுட்டது. மருமகளுக்கும் உறைத்துவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். கண்ணில் தண்ணீர் நிற்காமல் ஓடியது, துடைக்கக்கூட இல்லை.

"அத்தை... வேணும்னேதான் வெச்சீங்களா?"

"ஆமா கண்ணு" என்றார் அவர். "வேணும்னேதான் வெச்சேன்."

மருமகள் சந்தனக் கிண்ணத்தை அத்தையின் பக்கம் தள்ளிவைத்தாள். லேப்டாப்பை மெதுவாகத் திருப்பி, மூடியின் நடுவில், ஓட்டை எதுவும் இல்லாத இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.